தாமோதரன் காரின் பின்சீட்

பெருநகர் தாமோதரனைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவனுடைய காரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அவனே அப்படித்தான் ஆரம்பிப்பான். ஆற்றங்கரையில் நல்ல நஞ்சை, அப்பா விட்டுப்போன பெரிய வீடு, உத்திரமேரூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மாமன் மகள் கல்பனா, இவ்வளவும் இருந்தும் யாராவது சௌக்கியமா என்று கேட்டால், வண்டி கொஞ்சம் இழுவை கம்மியாக இருக்கிறது என்று பதில் சொல்கிற ஆள் அவன்.

வண்டி, வெள்ளை நிற மாருதி எஸ்டீம். தொண்ணூற்றேழில் சென்னையில் ஒரு டாக்டரிடமிருந்து செகண்ட் ஹேண்டாக வாங்கி வந்தான். அதற்கு முன் அந்த ஊரில் டிராக்டர் உண்டு, புல்லட் உண்டு, கார் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் வரும்வரை மரத்தடியில் காய வேண்டியதுதான். அப்படிப்பட்ட ஊரில் ஒரு கார் வந்து நின்றால் அது எத்தனை நாளைக்கு ஒருத்தன் காராக இருக்கும்? வாங்கிய சில மாதங்களிலேயே பிரசவ வலி கண்ட பெண் ஒருத்தி பஸ் நிறுத்தத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கல்பனா பார்த்தாள். வண்டியை நிறுத்தச் சொல்லி, அவளைப் பின்சீட்டில் ஏற்றி, தானும் பக்கத்தில் உட்கார்ந்து, காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரி வரைக்கும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். அதோடு முடிந்தது. அன்றிலிருந்து பிரசவம் என்றால் தாமோதரன் வீட்டு வாசலுக்குத்தான் ஆள் வரும். ஊர்த்தெருவிலிருந்தும் வரும், ஏரிக்கரை ஓரத்து இருளர் குடியிருப்பிலிருந்தும் வரும். யாரும் கூச்சப்பட்டதில்லை, இவர்களும் முகம் சுளித்ததில்லை.

முதலில் போன அந்தப் பெண் குழந்தையோடு திரும்பி வந்து இறங்கியபோது, என்ன நினைத்தாளோ, ஆரத்தித் தட்டிலிருந்த மஞ்சளில் உள்ளங்கையைத் தோய்த்துப் பின்கதவில் ஒரு அப்பு அப்பினாள். அடுத்து வந்தவள் அதைப் பார்த்துவிட்டு இதுதான் முறை போலிருக்கிறது என்று தானும் அப்பினாள். அதற்கடுத்தவள் கேட்கவே வேண்டாம். வெள்ளை வண்டியின் பின்கதவு முழுக்க மஞ்சள் கைகள். தாமோதரன் கழுவுவதில்லை. மழை கழுவினால் அது மழையின் பாடு.

இது காரின் ஒரு பிழைப்பு. இன்னொரு பிழைப்பு, பந்தயம்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் கார் பந்தயத் தடம் இருப்பது அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அங்கே போய் ஓட்டலாம் என்று தோன்றியது பெருநகரில் இவன் ஒருவனுக்குத்தான். வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை கிளப் பந்தயம் நடக்கும். பெரிய ஆட்கள் லாரியில் வண்டியை ஏற்றிக்கொண்டு வருவார்கள். இவன் அறுவடை முடித்த கையோடு அதே காரைத் தானே ஓட்டிக்கொண்டு போவான். எடை குறைய வேண்டும் என்பதற்காகப் பின்சீட்டைக் கழற்றிக் கூடத்தில் வைத்துவிட்டுப் போவான். அன்றைக்குக் கல்பனா அதன்மேல் உட்கார்ந்து கீரை ஆய்வாள். மற்ற வண்டிகளின் கதவில் எண்ணெய் கம்பெனி, டயர் கம்பெனி பெயரெல்லாம் ஒட்டியிருக்கும். இவன் கதவில் மஞ்சள் கை. உங்களுக்கு மஞ்சள் மண்டிக்காரர் ஸ்பான்சரா என்று ஒருத்தன் கேட்டான். தாமோதரன் சிரித்துக்கொண்டே ஆமாம் என்றான்.

சிரித்தானே தவிர, உள்ளுக்குள் ஒரு புழுக்கம் இருந்தது. ஒவ்வொரு தடவையும் ஆறாவதாகவோ ஏழாவதாகவோதான் வந்தான். வளைவுகளில் அவனை யாரும் தொட முடியாது. கரும்பு வண்டிக்கும் எருமைக்கும் நடுவே ஓட்டிப் பழகியவனுக்கு வளைவு ஒரு பொருட்டா? ஆனால் நேர்ப் பாதைக்கு வந்ததும் மூச்சு வாங்குகிற கிழவனைப் போல வண்டி இழுத்துக்கொண்டு கிடக்கும். மற்றவர்கள் சாதாரணமாகக் கடந்து போவார்கள். ஒரே ஒரு தடவை, வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, ஜெயித்த மூன்று பேர் ஏறி நிற்கும் அந்த மூன்று படி மேடையில் ஏதாவது ஒரு படியில் நின்றுவிட வேண்டும். இதைத் தவிர அவன் சாமியிடம் வேறெதுவும் கேட்டதில்லை. கல்பனாவுக்குக்கூட இது தெரியும்.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம், அடுத்த பந்தயத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, குறை எங்கே என்று கண்டுபிடித்துவிட்டதாக அவன் முடிவுகட்டினான். ஜெயித்த வண்டிகளுக்கு அடியில் குனிந்து பார்த்திருந்தான். எஞ்சினிலிருந்து புகையை வெளியே வாங்கும் குழாய்த் தொகுதிக்கு ஹெடர் என்று பெயர். அந்த வண்டிகளில் நாலு குழாயும் நீளமாக வந்து ஒரே இடத்தில் கூடி ஒரே குழாயாகப் போனது. நடுவே கன்வெர்ட்டர் கிடையாது. இவன் வண்டியில் அது இருந்தது. புகையில் இருக்கும் நஞ்சை முறிப்பதற்காகக் கம்பெனிக்காரன் வைத்த டப்பா, உள்ளே தேன்கூடு மாதிரி கண்கண்ணாக இருக்கும், அதன் வழியாகத்தான் புகை போக வேண்டும். அடைப்பு அங்கேதான் என்று தாமோதரனுக்குப் பட்டது. சொந்தமாக நெல் தூற்றுகிற காற்று மிஷின் வைத்திருப்பவன். காற்று போகிற வழியில் சல்லடையை வைத்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாதா?

உத்திரமேரூரில் சைலன்சர் வெல்டிங் செய்யும் பச்சமுத்துவிடம் போனான். பச்சமுத்து டிராக்டருக்கும் வேனுக்கும் குழாய் வளைத்துக் கொடுப்பவர். செய்யாற்று மணலை வெயிலில் நன்றாகக் காயவைத்து, குழாய்க்குள் கெட்டித்து, நெருப்பில் பழுக்கவைத்து வளைப்பார். குழாய் நசுங்காது. நாலுக்கு ஒன்று என்று தாமோதரன் தரையில் படம் போட்டுக் காட்ட, அவரும் அப்படியே செய்தார். கன்வெர்ட்டரை அறுத்து எடுத்துப் பட்டறை மூலையில் போட்டார். வால்குழாயை எங்கே விடுவது என்பதில்தான் ஒரு பேச்சு வந்தது. பந்தய வண்டிகளில் போல பின்சக்கரத்துக்கு முன்னாலேயே, பின்கதவுக்குக் கீழே பக்கவாட்டில் விட்டுவிடச் சொன்னான் தாமோதரன். நீளம் குறைந்தால் எடை குறையும். ஆள் ஏறுகிற வண்டியாயிற்றே, புகை மேலே வராதா என்று பச்சமுத்து ஒரு தடவை கேட்டார். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளலாம் என்றான் இவன். பச்சமுத்து காரின் தரையில் ஓர் ஓட்டை வெட்டிக் குழாயை மாட்டிவிட்டார். வாடிக்கைக்காரன் ஆசையில் குறுக்கே நிற்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

வண்டி பறந்தது. அதில் பொய்யில்லை. மானாம்பதி ரோட்டில் அவன் ஆக்சிலேட்டரை மிதித்தபோது முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. சத்தம் மூன்று கழனி தாண்டிக் கேட்டது. களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அன்று முழுக்க அவன் முகத்தில் கல்யாண மாப்பிள்ளைக் களை இருந்தது.

பந்தயத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது முனியம்மாளுக்கு வலி கண்டது. முனியம்மாள் இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவள், இவன் கழனியில் நடவுக்கும் களைக்கும் வருபவள். தலைச்சன் பிரசவம். காலையில் ஆள் வந்து சொன்னதும் தாமோதரன் வண்டியை எடுத்தான், கல்பனா எப்போதும்போலப் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். வெளியே மழைத் தூறல். வலியில் நடுங்கிக்கொண்டிருந்தவள் மேல் சாரல் அடிக்கக் கூடாது என்று கல்பனா ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றிவிட்டாள்.

தாமோதரன் அவசரம் தெரிந்துதான் ஓட்டினான். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் அவசரத்துக்கு மேலேயே ஓட்டினான். நல்ல வண்டி, நல்ல காரியம், கேட்க ஆளில்லை. முன்சீட்டில் இருப்பவனுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. செய்யாற்றைத் தாண்டியதும் கல்பனா தலை வலிக்கிறது என்றாள். அப்புறம் கொஞ்ச தூரத்தில் முனியம்மாள் வாந்தி எடுத்தாள். பிரசவ வலியில் வருவதுதான் என்று அவன் நினைத்துக்கொண்டு இன்னும் மிதித்தான். பாலாற்றுப் பாலத்துக்கு முன்னால் முனியம்மாள் கையை நீட்டி அவன் தோளைத் தட்டினாள். அவள் அவனைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"நைனா, எறக்கி வுட்ரு. கண்ணு இருட்டினு வருது. இதுக்குள்ள சாவறதுக்கு ரோட்லயே பெத்துக்கறேன்."

அவன் வண்டியை ஓரம் கட்டினான். ஆஸ்பத்திரி இதோ வந்துவிட்டது, இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று கெஞ்சிப் பார்த்தான். அவள் கேட்கவில்லை, கதவைத் திறந்துகொண்டு இறங்கி, தூறலில் ஒரு புளியமரத்தடியில் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினாள். கல்பனாவும் இறங்கினாள். அவள் கால்களும் தள்ளாடின. அவன் கல்பனாவையாவது ஏறச் சொல்லிக் கேட்டான். அவள் பின்னால் வந்த பால் வேனைக் கைகாட்டி நிறுத்தினாள். பால் கேன்களுக்கு நடுவே, திறந்த வேனில், தார்ப்பாயைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு இரண்டு பெண்களும் போனார்கள்.

அந்த வேன் மாட்டு வண்டிக்குக் கொஞ்சம் அதிகமான வேகத்தில்தான் போனது. அதற்குப் பின்னால் தாமோதரன் தன் காலிக் காரை ஓட்டிக்கொண்டு போனான். எஞ்சின் உறுமிக்கொண்டே வந்தது. அவமானம் என்றால் என்ன என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நல்ல வேளை, ஒன்றும் ஆகிவிடவில்லை. முனியம்மாளுக்குப் பெண் குழந்தை, சுகப் பிரசவம். ஆனால் அவள் திரும்பி வந்தது பஸ்ஸில். கதவில் மஞ்சள் வைக்கவில்லை. அவள் யாரிடமும் குறை சொன்னதாகவும் தெரியவில்லை, குறை சொல்லி இருந்தால்கூடத் தேவலை.

வீட்டில் கல்பனா சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் சண்டை போடவில்லை. தலைவலி போவதற்கு ஒரு நாள் ஆயிற்று. மறுநாள் சோறு போடும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"முன்சீட்டு உன்னுது மாமா. நீ எப்டினா ஓட்டு, நான் இன்னான்னு கேக்க மாட்டேன். பின்சீட்டு உன்னுது இல்ல. அதுல ஏர்றவ கண்ண மூடினு உன்ன நம்பி ஏர்றா."

அவன் தலையாட்டினான். ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்குப் போனான். குழாயை மாற்ற நேரமில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். நேரம் இருந்தது, மனம்தான் இல்லை.

அன்றைக்கு மூன்றாவதாக வந்தான்.

மேடையில் ஏறி நின்றான். கையில் கோப்பை. போட்டோ எடுத்தார்கள், கை தட்டினார்கள். அவன் சந்தோஷப்படவில்லை என்று சொன்னால் அது கதைக்காகச் சொல்கிற பொய். அடிவயிற்றிலிருந்து சந்தோஷம் பொங்கியது. வருகிற வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தான். ஊருக்குள் நுழைந்ததும் பழக்க தோஷத்தில் ஹாரன் அடித்தான். யாரும் வெளியே வரவில்லை. கல்பனா கோப்பையை வாங்கிச் சாமி மாடத்தில் வைத்தாள், பின்சீட்டைக் கூடத்திலிருந்து எடுத்து மாட்டும்போது ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

பால் வேன் கதை எப்படியோ ஊருக்குத் தெரிந்துவிட்டது, அதன்பிறகு பிரசவத்துக்கு ஆள் வருவது நின்றுவிட்டது. ஊரில் பிள்ளை பிறப்பது நின்றுவிடவில்லை. தை, மாசியில் பிறக்கத்தான் செய்தன. எதிர்த்தெரு மருமகளை ஷேர் ஆட்டோவில் கொண்டுபோனார்கள். ஆட்டோ கிடைக்காத அன்றைக்கு வேறொருத்தியை டிராக்டர் டிரெய்லரில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்து, இவன் வீட்டு வாசல் வழியாகவே கொண்டுபோனார்கள். தாமோதரன் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தான். கார் அவன் பக்கத்தில் நின்றது. டிரெய்லரில் இருந்தவர்கள் அவனைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார்கள். கோபமில்லை, பகையில்லை. கிணற்றில் தண்ணீர் வற்றினால் யாராவது கிணற்றோடு கோபித்துக்கொள்வார்களா, அடுத்த கிணற்றுக்குப் போவார்கள். அப்படித்தான் போனார்கள். அது அவனைத் தின்றது.

அறுவடை முடிந்து ஒருநாள் காரை எடுத்துக்கொண்டு பச்சமுத்து பட்டறைக்குப் போனான். பழைய கன்வெர்ட்டரையே திரும்ப மாட்டிவிடலாம், பழைய வண்டியாகவே இருந்துவிட்டுப் போகட்டும், மறுபடி ஆறாவதாக வந்தால் வந்துவிட்டுப் போகிறது என்று முடிவு செய்திருந்தான். பச்சமுத்து மூலையிலிருந்து டப்பாவைத் தேடி எடுத்தார். தூசி தட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பிறகு தாமோதரனிடம் கொடுத்தார்.

உள்ளே வெளிச்சமே இல்லை. தேன்கூட்டுக் கண்கள் எல்லாம் சாம்பல் பூத்து அடைந்து கிடந்தன. ஊதிப் பார்த்தான், மறுபக்கம் மூச்சு வரவில்லை.

இது ஏன் இப்படி ஆயிற்று என்று அவனுக்கு அங்கேயே விளங்கிவிட்டது, அதுதான் கொடுமை. கார் வாங்கிய புதிதில் ஈயம் கலக்காத பெட்ரோல் சென்னையில்தான் கிடைக்கும். இந்தப் பக்கத்து பங்க்குகளில் ஈயம் கலந்ததுதான். கன்வெர்ட்டர் வைத்த வண்டிக்கு அது ஆகாது என்பதற்காக டேங்க் வாயில் ஒரு தகர வளையம் வைத்து, பழைய பங்க் குழாயின் பெரிய மூக்கு நுழையாதபடி செய்திருந்தார்கள். தாமோதரன் என்ன செய்தான்? பெட்ரோல் போட முடியவில்லை என்று எரிச்சல்பட்டு, தகரம் வெட்டும் கத்திரியை எடுத்து அந்த வளையத்தையே வெட்டி எறிந்தான். கத்திரி கிடைக்காத வெளியூர்க் கார்க்காரர்கள் மண்ணெண்ணெய்ப் புனலை வைத்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தான் அவர்களைவிடக் கெட்டிக்காரன் என்று அவன் அப்போது பெருமைகூடப் பட்டுக்கொண்டான். ஈயம் வருஷக்கணக்காகப் படிந்து கண்களை அடைத்திருக்கிறது. வண்டி மூச்சு முட்டியது கன்வெர்ட்டரால் அல்ல, அதைக் கொன்றவன் இவன். கொன்றுவிட்டு, பிணம் வழியை மறிக்கிறது என்று அறுத்தும் எறிந்துவிட்டான்.

அவன் பட்டறை வாசலில் கொஞ்ச நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். பச்சமுத்து டீ வாங்கிவரச் சொல்லி அனுப்பினார்.

மறுவாரம் சென்னைக்குப் போனான். பந்தய வண்டிகளுக்குச் சாமான் விற்கும் ஒரு கடையில் நாள் பூராவும் உட்கார்ந்தான். கடைக்காரர் ஒரு காலத்தில் தானும் ஓட்டியவர், பேச்சில் ஆசை உள்ளவர். வண்டி எங்கே ஓடும் என்றுதான் முதலில் கேட்டார். ஓட்டுகிறவன் எப்படி என்பது அப்புறம். பந்தயம் வருஷத்தில் சில நாள், மற்ற நாளெல்லாம் ரோடு என்று இவன் சொன்னதும், கண்ணாடி மாதிரி பளபளத்துக்கொண்டிருந்த நாலுக்கு ஒன்று ஹெடரை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டார். எஞ்சின் கத்தக் கத்த ஓட்டுகிறவனுக்குத்தான் அது என்றார். வேறொன்றைக் காட்டினார். நாலு குழாய் முதலில் இரண்டிரண்டாகச் சேர்ந்து இரண்டாகி, கொஞ்ச தூரம் போய் அப்புறம் ஒன்றாகியது. அவர் எஞ்சின் வெடிக்கிற வரிசை, அழுத்தம், அலை என்று ஏதேதோ விளக்கினார். தாமோதரனுக்கு வேறு மாதிரி புரிந்தது. நாலு கழனி மடையையும் ஒரே இடத்தில் வடிகாலில் திறந்துவிட்டால் வெள்ளம் பெரிதாக வரும்போது நன்றாகத்தான் போகும், தண்ணீர் குறைவாக இருக்கும்போது ஒன்றை ஒன்று எதிர்த்துத் தேங்கும். எதிரெதிர் கழனிகளை முறைவைத்து இரண்டிரண்டாகச் சேர்த்துவிட்டால் எப்போதும் ஓட்டம் இருக்கும். இதை அவன் சொன்னபோது கடைக்காரர் யோசித்துவிட்டு, சரிதான், கிட்டத்தட்ட அதுதான் என்றார்.

கன்வெர்ட்டர் விஷயத்தில்தான் அவன் உண்மையிலேயே தடுமாறினான். மூன்று வகை இருந்தது. பழைய காரிலிருந்து கழற்றியது ஒன்று. கண் பொடிப் பொடியாக, புகையை நன்றாகச் சுத்தம் செய்யும், ஆனால் முந்தைய சொந்தக்காரன் என்ன பெட்ரோல் ஊற்றினானோ யார் கண்டது. இன்னொன்று மெல்லிய உலோகத் தகட்டில் செய்தது, கண் பெரிது, சூடு தாங்கும், புகைக்குத் தாராளமாக வழி விடும், நஞ்சையும் பெரும்பாலும் முறித்துவிடும். ஆனால் அதை வைத்தால் பந்தயத்துக்காக கார்புரேட்டரில் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கெட்டியாக விடும் வேலையெல்லாம் கூடாது. விட்டால் எரியாத பெட்ரோல் போய் அதைக் கருக்கிவிடும். ஆக அங்கேயும் கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுக்க வேண்டும்.

மூன்றாவதை எதிர்க்கடைக்காரன் காட்டினான். பார்க்க அசல் கன்வெர்ட்டர், உள்ளே வெறும் குழாய். வேகம் ஒரு துளி குறையாது. குனிந்து பார்க்கிறவன் ஏமாந்துவிடுவான்.

தாமோதரன் டீக்கடையில் போய் உட்கார்ந்து நெடுநேரம் யோசித்தான். வால்குழாயைப் பின்பக்கம் நீட்டிவிட்டால் வாசனை உள்ளே வராது. தலைவலி வராது. ஊரில் யாருக்குத் தெரியப் போகிறது? புகையோடு கலந்து வந்து ஆளை மயக்கிச் சாய்க்கிற கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமே கிடையாது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். மூக்கு காட்டிக்கொடுக்காது, கண் காட்டிக்கொடுக்காது. மேடையும் கிடைக்கும், நல்ல பெயரும் கிடைக்கும். ஆசை அவனை அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போனது. கல்பனா அந்தத் தூறலில் தள்ளாடிக்கொண்டு இறங்கி நின்றது நினைவுக்கு வந்த பிறகுதான் டீ ஆறிவிட்டது என்று கவனித்தான். கல்பனா கேட்டால் என்ன சொல்வது? கேட்க மாட்டாள். அதுதான் பிரச்சினை. கேட்காமலேயே ஏறி உட்காருவாள்.

இரண்டிரண்டாகச் சேரும் ஹெடரும், தகட்டுக் கன்வெர்ட்டரும் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தான். பச்சமுத்து எஞ்சினுக்குச் சற்று அருகில் கன்வெர்ட்டரை வைத்து, இணைப்புகளில் புகை கசியாமல் கேஸ்கெட் போட்டு இறுக்கி, வால்குழாயைப் பம்பர் வரை நீட்டி, காரின் தரையில் பழைய குழாய்க்காக வெட்டிய ஓட்டையையும் தகடு வைத்து அடைத்தார். அடுத்த பந்தயத்தில் தாமோதரன் ஐந்தாவதாக வந்தான். மேடையில் ஏறியவர்களைக் கீழே நின்று பார்த்தபோது வயிறு எரிந்தது. எரியாது என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் ஊரில் யாரும் வந்து கூப்பிடவில்லை. குழாய் மாற்றியாயிற்று என்று தண்டோரா போட முடியுமா? பால் சங்கத்தில் சொன்னான், கழனியில் சொன்னான். அப்படியா, நல்லது என்றார்கள். போய்விட்டார்கள்.

வெயில் காலத்தில் ஒரு மத்தியானம் இருளர் குடியிருப்பில் அம்முலுவுக்கு வலி கண்டிருக்கிறது என்று கல்பனா கேள்விப்பட்டாள். அம்முலு, முனியம்மாளின் தம்பி மனைவி. ஷேர் ஆட்டோவுக்கு ஆள் போயிருக்கிறதாம். தாமோதரன் காரை எடுத்தான், கல்பனா ஏறிக்கொண்டாள். கூப்பிடாத இடத்துக்கு அவன் போனது அதுதான் முதல் தடவை. ஏரிக்கரை ஓரம் வண்டியை நிறுத்திவிட்டு, கழனியில் கூலிக்குக் கூப்பிடுகிற தோரணை எதுவும் இல்லாமல், வெயிலில் இறங்கி நின்றான்.

குடிசையிலிருந்து முனியம்மாள் வந்தாள், இடுப்பில் குழந்தை. காரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். உள்ளே அம்முலு முனகுவது கேட்டது. தாமோதரன் குழாய், கன்வெர்ட்டர், கேஸ்கெட் என்று என்னென்னவோ சொல்ல ஆரம்பித்தான். அவள் அதையெல்லாம் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. குழந்தையைக் கல்பனாவின் கையில் கொடுத்தாள். பின்கதவைத் திறந்து தனியாக ஏறி உட்கார்ந்தாள்.

"கண்ணாடிய ஏத்து நைனா. ஏரி மதகு வரிக்கும் போய்ட்டு வா."

அவன் ஏற்றினான். எஞ்சினை முடுக்கி மதகு வரைக்கும் ஓட்டினான். வேர்வை முதுகில் வழிந்தது. பின்னால் காட்டும் கண்ணாடியில் பார்த்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். பந்தயத் தடத்தில் வண்டியைச் சோதிக்கிறவர்கள் எத்தனையோ தடவை இந்தக் காரைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். அவர்கள் முகத்தை அவன் ஒருநாளும் இப்படிப் பார்த்துக்கொண்டிருந்ததில்லை. மதகடியில் திருப்பும்போது அவள் நிறுத்தச் சொன்னாள். எஞ்சின் ஓடட்டும், வண்டி நிற்கட்டும் என்றாள். நின்றது. அவள் வேண்டுமென்றே நேரம் எடுத்துக்கொண்டாள். எப்படி இருக்கிறது என்று கேட்க அவனுக்கு உரிமை இல்லை என்று அவனுக்கே தோன்றியது. பிறகு அவள் போகலாம் என்று சொன்னாள், திரும்பினார்கள்.

குடியிருப்பு வந்ததும் அவள் இறங்கினாள். குடிசைக்குள் போய் அம்முலுவைத் தாங்கலாக அழைத்துவந்து பின்சீட்டில் ஏற்றினாள். மறுபக்கக் கதவு வழியாகக் கல்பனா ஏறப் போனபோது முனியம்மாள் அவளைத் தடுத்து, கையை நீட்டித் தன் குழந்தையை வாங்கிக்கொண்டாள். கல்பனாவை முன்னால் போய் உட்காரச் சொன்னாள்.

"நீ முன்னால குந்துமா. நான் கொயந்தையோட பின்னால வரேன்" என்று சொல்லிவிட்டு, மகளை மடியில் வைத்துக்கொண்டு அம்முலுவின் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.